நேச நாடுகள் திருகோணமலையைக் காப்பாற்றினவா? போர் எங்களிடம் விட்டுப்போனவை

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. உங்கள் அப்பப்பா, "வெள்ளைக்காரன் இங்கே இருந்தபடியால்தான் யப்பான்காரனிடமிருந்து தப்பினோம்" என்று சொல்வாராம். அதே ஒழுங்கையில் இருந்த இன்னொரு பெரியவர், "அவன் இருந்தபடியால்தான் எங்கள் தலையில் குண்டு விழுந்தது" என்பாராம். யார் சொன்னது சரி என்று கேட்கிறீர்கள். கூடவே, பெரிய நாடொன்று கூட்டாளியாக வந்து கொடுக்கும் ஆதரவு நீண்ட காலத்தில் சிறிய நாட்டுக்கு நன்மையா, அந்த இரண்டாம் உலகப் போரை அன்று எதிர்த்தவர்களைத் துரோகிகள் என்று சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலையில் நெடுங்காலம் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்தவன். படைத்துறை ஆளல்ல, பொருளியல் படித்தவனும் அல்ல. அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்பதைச் சரியாக வைத்துக்கொள்வோம். ஏனென்றால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலர் கொழும்புக் குண்டுவீச்சையும் இங்கே நடந்ததையும் ஒன்றாக்கித்தான் சொல்வார்கள். 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8ஆம் திகதி ரங்கூன் போயிற்று. அந்த மாதம் முடிவதற்குள் அந்தமான் தீவுகளும் யப்பானின் கையில். பிரித்தானியாவின் கிழக்குக் கடற்படைக்கு இந்து சமுத்திரத்தில் மிஞ்சியிருந்த பெரிய துறைமுகங்களில் முக்கியமானவை கொழும்பும் திருகோணமலையும். யப்பானிய அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கின. நாலு நாள் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி வியாழக்கிழமை காலையில், திருகோணமலைக்கு வந்தன. துறைமுகமும் டொக்யாட்டும் சீனக்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்தது. அதன் உடலைத்தான் 2018இல் கடற்படையினர் தண்ணீருக்குள்ளிருந்து மேலே எடுத்தார்கள். ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் முதல் நாள் இரவே எச்சரிக்கை கிடைத்துத் துறைமுகத்தை விட்டுத் தெற்கே போயிருந்தன. ஆபத்து நீங்கிவிட்டது என்று திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக்கு அப்பால் இரண்டும் மூழ்கடிக்கப்பட்டன. ஹேர்மிஸில் மட்டும் 300க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். விமானந்தாங்கிக் கப்பல் என்று பெயர், ஆனால் அன்று அதில் விமானங்கள் இல்லை. அவை கரையில் நின்றன.

இனி, காப்பாற்றினார்களா என்ற கேள்வி. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. நகுமோவின் கப்பல்களோடு தரையிறங்கும் படை எதுவும் வரவில்லை. இலங்கையைப் பிடிக்கவேண்டும் என்று யப்பானியக் கடற்படைக்குள் ஒரு தரப்பு விரும்பியது. சீனாவில் சிக்கியிருந்த அவர்களுடைய தரைப்படைத் தலைமை அதற்கு ஆள் தர மறுத்துவிட்டது. ஆகவே அந்த ஏப்ரலில் வந்தது அடித்துவிட்டுப் போகும் தாக்குதல், நாடு பிடிக்கும் படையெடுப்பு அல்ல. கொழும்பை நோக்கி அந்தக் கடற்படை வருவதை ஏப்ரல் 4ஆம் திகதி வானிலிருந்து கண்டு அறிவித்த கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சலை இலங்கையைக் காத்தவர் என்று புகழ்வார்கள். அவர் கொடுத்த எச்சரிக்கை பல உயிர்களைக் காத்தது என்பது உண்மை. ஆனால் ஒரு படையெடுப்பையே தடுத்தார் என்று சொன்னால் அது ஆதாரத்தைத் தாண்டிய பேச்சு.

இன்னொரு பக்கமும் உறுதியானதுதான். தாக்குதல் நடந்தபோது கிழக்குக் கடற்படையின் பெரிய கப்பல்கள் எங்கள் கரையில் நின்று சண்டை பிடிக்கவில்லை. அதன் தளபதி அட்மிரல் சொமர்வில் தன் பழைய போர்க்கப்பல்களை ஆபிரிக்கக் கரையில் உள்ள கிலிந்தினிக்கும், வேகமானவற்றைப் பம்பாய்ப் பக்கமாகவும் அனுப்பிவிட்டார். படைக் கணக்கில் அது சரியான முடிவு என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். நின்றிருந்தால் முழுக் கடற்படையையும் இழந்திருப்பார்கள். கரையிலிருந்த மக்களுக்கு அந்த நியாயம் ஆறுதலாக இருந்திருக்காது. கூட்டாளியின் கப்பல் கூட்டாளியின் போருக்காக நிற்கும், அதற்காகவே விலகும். சீனக்குடாவிலிருந்து எழும்பிய ஹரிக்கேன் விமானிகளும், பாதுகாப்பில்லாமல் போய் நகுமோவின் கப்பல்களையே தாக்கிய ஒன்பது பிளெனிம் குண்டுவீச்சு விமானங்களின் ஆட்களும் காட்டிய துணிவை நான் இதில் குறைக்கவில்லை. அந்த ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை.

சந்தேகத்துக்கு உரியவற்றையும் சொல்லவேண்டும். சீனக்குடாவில் எரிந்து உருகிய எண்ணெய்த் தாங்கி ஒன்று இன்றும் இருக்கிறது. யப்பானிய விமானி ஒருவர் வேண்டுமென்றே அதற்குள் பாய்ந்தார் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள், பெயர்கள்கூடச் சொல்வார்கள். விமானம் மோதியதை ஏற்றுக்கொண்டாலும், அது வேண்டுமென்று செய்ததா, அடிபட்டு விழுந்ததா என்பதை இடிபாட்டைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. என் மாணவர்களுக்கு இதை ஒரு கதையாக மட்டும் எழுதச் சொல்வேன்.

ஆக, இரண்டு பெரியவர்களில் இரண்டாமவருடைய சொல்லுக்கே சான்று நேரடியானது. கடற்படைத் தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் இல்லாத ஒரு திருகோணமலையைத் தாக்க நகுமோ வந்திருக்கமாட்டார். ஆனால் உங்கள் அப்பப்பா சொன்னதையும் தள்ளிவிட முடியாது. மலாயாவில் தோட்டங்களில் இருந்த எங்கள் சனங்களுக்கு யப்பான் ஆட்சியில் என்ன நடந்தது என்று பாருங்கள். சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் காட்டிலேயே செத்தார்கள். தளம் இருந்ததால் குண்டு விழுந்தது. யப்பான் ஆண்டிருந்தால் குண்டைவிட மோசமானது நடந்திருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

நேச நாடுகள் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும், அவர்களுக்குள்ளேயே இந்த ஆதரவு பற்றி ஒத்த கருத்து இருக்கவில்லை. இது நம்மவர்கள் அதிகம் பேசாத பகுதி, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். நகுமோவின் அதே கடற்படை 1942 பெப்ரவரி 19ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் டார்வினைத் தாக்கியிருந்தது. மத்திய கிழக்கில் சண்டை செய்துகொண்டிருந்த தன் படைகளை ஊருக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி அவுஸ்திரேலியப் பிரதமர் கேர்ட்டின் கேட்டார். சேர்ச்சில் அவர்களைப் பர்மாவுக்கு அனுப்பப் பார்த்தார். கேர்ட்டின் விடவில்லை. கடைசியில் இரண்டு பிரிகேட்டுகளை மட்டும் சில மாதங்களுக்கு இலங்கையில் நிறுத்தச் சம்மதித்தார். தன் வீடு எரியுமோ என்ற பயத்தில் இருந்த ஒரு நாடு, அந்தப் படைகளை எங்கள் தீவில் விட்டுவைத்தது. அவர்களோடு இந்தியப் படைகளும் கிழக்கு ஆபிரிக்கப் படைகளும் இங்கே காவல் நின்றன. எங்களைக் காத்தது பிரித்தானியா என்று சுருக்கிச் சொல்லும்போது, அடிமைப்பட்டிருந்த நாடுகளிலிருந்து கூட்டி வரப்பட்ட அந்தச் சிப்பாய்கள் காணாமல் போகிறார்கள். 1944இல் நிலைமை மாறியது. அந்த ஏப்ரலில் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்க இங்கிருந்து புறப்பட்ட கடற்படையில் பிரித்தானியக் கப்பல்களோடு அமெரிக்காவின் சரட்டோகாவும் பிரான்சின் ரிஷ்லியுவும் ஒல்லாந்து, நியூசிலாந்துக் கப்பல்களும் போயின. போர் திரும்பியதும் எல்லோரும் கூட்டாளிகள்தான்.

நீண்டகால விளைவுக்கு வருவோம். குண்டு விழுந்த தடங்கள் சீக்கிரம் மறைந்துவிட்டன. மறையாமல் நின்றவை வேறு, அவற்றில் முதலாவது அரிசி. போருக்கு முன் நாங்கள் சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்து, அதிலும் முக்கியமாகப் பர்மாவிலிருந்து வந்தது. ரங்கூன் விழுந்ததும் அந்த வழி அடைபட்டது. அரசாங்கம் கூப்பனுக்கு அரிசி கொடுக்கத் தொடங்கியது, விலையையும் மானியம் கொடுத்துக் குறைத்து வைத்தது. அரிசி போதாத இடத்துக்குக் கோதுமை மா வந்தது. இன்று எங்கள் வீடுகளில் மா றொட்டியும் பாணும் அன்றாடச் சாப்பாடாக இருப்பதற்கு அந்தக் காலமும் ஒரு காரணம். போர் முடிந்தது, கூப்பன் முடியவில்லை. 1953இல் அரசாங்கம் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு முழுவதும் ஹர்த்தால் வெடித்தது. ஆட்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். பிரதமர் டட்லி சேனநாயக்க அந்த ஒக்டோபரில் பதவி விலகினார். கூப்பனுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது 1979இல்தான். பர்மாவில் யப்பானிய இராணுவம் நுழைந்ததற்கு முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகு!

இறப்பர் இரண்டாவது. மலாயாவும் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகளும் போனபின், நேச நாடுகளுக்கு மிஞ்சிய இயற்கை இறப்பரில் மிகப் பெரிய பங்கு இலங்கையில்தான் இருந்தது. பிரித்தானிய அரசாங்கம் தான் வைத்த விலைக்கு மொத்தமாக வாங்கியது. விளைச்சலைக் கூட்டவேண்டும் என்று, மரம் கெட்டாலும் பரவாயில்லை என்ற அளவுக்குப் பால் வெட்டச் சொன்னார்கள். போர் முடிந்தபோது பல தோட்டங்களில் நின்றவை சக்கையான மரங்கள். பிறகு 1950களின் தொடக்கத்தில் கொரியப் போரால் ஏறிய விலை இறங்கியது. அரிசி விலையோ ஏறியிருந்தது. அந்த நெருக்கடியில் இலங்கை 1952இல் சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. போரில் இறப்பர் கொடுத்து உதவிய நாடு, பத்து வருடத்துக்குள் தன் இறப்பரைச் சீனாவுக்கு விற்றது என்பதற்காக அமெரிக்க உதவியை இழந்தது. கூட்டாளிகளின் நன்றிக்கு ஆயுள் குறைவு என்று இதை வைத்துச் சிலர் வாதாடுவார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அமெரிக்காவுக்கு அப்போது கொரியாவில் வேறு ஒரு போர், வேறு ஒரு எதிரி. நாங்கள் அவர்களுடைய கணக்கில் இடம் மாறியிருந்தோம்.

இன்னொன்று, வாங்கிய பொருளுக்கும் இங்கிருந்த படைகளின் செலவுக்கும் பிரித்தானியா அன்று எங்களுக்குக் கொடுத்ததில் பெரும்பகுதி கையில் வரவில்லை. லண்டனில் ஸ்ரேர்லிங், அதாவது பிரித்தானிய நாணயத்தின் பெயரில் வரவு வைக்கப்பட்டது. அதை எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குச் சுதந்திரத்துக்குப் பிறகும் பேச்சுவார்த்தை நடத்தவேண்டியிருந்தது. ஆனால் பிரித்தானியாவின் நிலையும் இதுதான். போர்ப் பொருட்களை உடனே காசு கேட்காமல் கொடுத்த அமெரிக்காவின் கடன்–குத்தகை உதவி 1945இல் போர் முடிந்த கையோடு நிறுத்தப்பட்டது. 1946இல் அமெரிக்காவிடமும் கனடாவிடமும் வாங்கிய கடனின் கடைசித் தவணையை அவர்கள் கட்டியது 2006 டிசம்பரில். 1940இல் 50 பழைய நாசகாரிக் கப்பல்களுக்குப் பதிலாக, தங்கள் குடியேற்ற நாடுகளில் தளங்களை 99 வருடக் குத்தகைக்கு அமெரிக்காவுக்குக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். ஆகவே பெரியவன் சின்னவனை ஏய்த்தான் என்ற ஒரே கோட்டில் இதை எழுத முடியாது. அவனவன் தனக்கு மேலே இருந்தவனுக்குக் கட்டினான்.

அரசியல் விளைவுதான் தமிழருக்கு மிகவும் நெருக்கமானது, இங்கேதான் கருத்து வேறுபாடும் அதிகம். போரில் டீ.எஸ். சேனநாயக்கவும் மற்ற மந்திரிகளும் பிரித்தானியாவோடு ஒத்துழைத்தார்கள். 1943 மே மாதம் லண்டன், போருக்குப் பின் உள்நாட்டு விவகாரங்களில் முழுப் பொறுப்பாட்சி தருவதாக அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக, புதிய அரசியலமைப்பை ஆராய சோல்பரி ஆணைக்குழு வந்தது. தமிழ்த் தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் கேட்ட ஐம்பதுக்கு ஐம்பதை, அதாவது சட்டசபையில் சிங்களவருக்குப் பாதி, மற்றச் சமூகங்களுக்குப் பாதி என்ற பங்கீட்டை, அது ஏற்கவில்லை. மந்திரிகள் தயாரித்த நகலை ஒட்டியே அரசியலமைப்பு அமைந்தது. போரில் காட்டிய விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு இது என்று ஒரு சாரார் சொல்வார்கள். விசுவாசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தியாவைவிட்டுப் போகும் பிரித்தானியா இலங்கையையும் விடத்தான் போகிறது, ஐம்பதுக்கு ஐம்பதும் ஏற்கப்படக்கூடிய கோரிக்கையாக இருக்கவில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். என் கருத்து இடையில் நிற்கிறது. சுதந்திரம் எப்படியும் வந்திருக்கும். ஆனால் யாரோடு பேசுவது, யாருடைய நகலை மேசையில் வைப்பது என்பதைப் போர்க்கால உறவு தீர்மானித்தது. இது என் வாசிப்பு, நிரூபித்துக் காட்டக்கூடிய ஒன்றல்ல.

நிரூபிக்கக்கூடியது பிரித்தானியாவோடு செய்த பாதுகாப்பு ஒப்பந்தம். 1947 நவம்பர் 11ஆம் திகதி கையெழுத்தானது. அதன்படி சுதந்திரத்துக்குப் பிறகும் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையில் இருந்தது. இதன் விலையை வேறு இடத்தில் கட்டினோம். ஐக்கிய நாடுகளில் சேர இலங்கை கேட்டபோது, இது உண்மையில் சுதந்திர நாடுதானா என்று சோவியத் ஒன்றியம் கேள்வி எழுப்பித் தன் வீட்டோவால் தடுத்தது. 1955 டிசம்பரில்தான் உள்ளே போனோம். 1956இல் வந்த பண்டாரநாயக்க அரசாங்கம் தளங்களைத் திரும்பக் கேட்டது, 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி திருகோணமலை கைமாறியது. நாட்டுக்கு அது தன்மானம். இந்த ஊரில் டொக்யாட்டை நம்பி உழைத்த குடும்பங்களுக்கு அது வேலை போன வருடம். இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் 1957ஐ நான் படிப்பித்ததில்லை. பிரித்தானியா இங்கிருந்து விட்ட இடத்தை மாலைதீவின் கான் தீவில் பிடித்துக்கொண்டது, 1976 வரை அங்கே இருந்தது. அந்தத் தளத்தின் வேலையும் காசும் சேர்ந்து, தெற்குத் தீவுகள் சில ஆண்டுகள் தனி நாடாகப் பிரிந்து நிற்கும் நிலையும் ஏற்பட்டது.

அப்புறம் அந்த எண்ணெய்த் தாங்கிகள். பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டப்பட்டவை, அவர்கள் போய் எழுபது வருடம் நெருங்கியும் எங்கள் வெளிநாட்டு உறவை நிர்ணயிக்கின்றன. 1987 ஜூலை 29ஆம் திகதி ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டின் படைக்கும் கொடுப்பதில்லை என்றும், தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீர்செய்து நடத்துவது என்றும் எழுதியிருக்கிறது. 2022 ஜனவரியில் கையெழுத்தான ஏற்பாட்டின்படி 14 தாங்கிகள் இந்திய எண்ணெய்க் கம்பனியின் கிளையான லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். இது நல்ல ஏற்பாடா என்று என்னிடம் கேட்டால், காட்டுக்குள் துருப்பிடித்துக் கிடப்பதைவிட நல்லது என்பேன். ஆனால் அந்தக் காணியைச் சுற்றி வாழும் சீனக்குடாச் சனத்திடம் 1920களிலும் யாரும் கேட்கவில்லை, 1987இலும் கேட்கவில்லை, 2022இலும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இன்றைய போர்களையும் மனதில் வைத்துத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. உக்ரேன் 1994இல் புடாபெஸ்டில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் ரஷ்யாவும் கொடுத்த பாதுகாப்பு உறுதிமொழியை நம்பி அணு ஆயுதங்களைக் கைவிட்டது. பிறகு நடந்தது தெரியும். 2025 ஏப்ரலில் தன் கனிமங்கள் தொடர்பாக அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்தது. உதவி வேண்டாம் என்று ஒதுக்கும் நிலையில் அவர்கள் இல்லை, 1942இல் நாங்களும் இருக்கவில்லை. ஆகவே ஆதரவு நல்லதா கெட்டதா என்பதைவிட, போர் முடிந்த பிறகு எங்கள் மண்ணில் எது தங்கும், எந்தத் திகதியில் அது வெளியேறும், அதை யார் கையெழுத்திட்டார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். பாதுகாப்பு ஒப்பந்தத்தில் முடிவுத் திகதியே இருக்கவில்லை. பத்து வருடத்தில் அது முடிந்ததற்குக் காரணம், வாக்காளர்கள் அரசாங்கத்தை மாற்றியது.

கடைசியாக, எதிர்த்தவர்கள் பற்றி. இடதுசாரிகளான லங்கா சமசமாஜக் கட்சி இதை ஏகாதிபத்தியங்களின் போர் என்று சொல்லி எதிர்த்தது. அதன் தலைவர்கள் 1940இல் தடுத்துவைக்கப்பட்டார்கள், கொழும்பில் குண்டு விழுந்து இரண்டு நாளில் கண்டிச் சிறையிலிருந்து தப்பினார்கள். அடுத்த மாதம் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் கலகம் செய்தார்கள். கிரேஷன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். மலாயாவில் நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்களும் ஆண்களும் எத்தனையோ பேர். யப்பான் எப்படிப்பட்ட ஆட்சியை நடத்தியது என்பதைக் குறைத்து மதிப்பிட்டார்கள் என்று அவர்களைக் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். துரோகி என்ற சொல்லை நான் வகுப்பில் ஒருநாளும் அனுமதித்ததில்லை, ஏனென்றால் அவர்களிடம் கேட்கப்பட்ட விசுவாசம் அவர்கள் தெரிவுசெய்யாத ஒரு முடிக்கு. 1940இல் சிறைக்குப் போன என்.எம். பெரேராவின் அதே சமசமாஜக் கட்சி 1953இல் அரிசி விலைக்கு எதிரான ஹர்த்தாலின் முன்வரிசையில் நின்றது. 1970இல் அவர் நிதியமைச்சரானபோது, அந்தப் போர் தொடக்கிவைத்த கூப்பன் அரிசிக்குப் பணம் தேடுவது அவருடைய மேசைக்கு வந்தது.